கரித்துணி

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் பெரிய பையோடு வாசலில் வந்து நின்று, பழைய துணி இருந்தால் கொடுங்கள் ஆன்ட்டி, பருத்தியாக இருந்தால் ரொம்ப நல்லது என்றாள். எங்கள் புக்கிட் செந்தோசாவில் பழைய துணி கேட்டு வருகிறவர்கள் கோயில் பெயரையோ அநாதை இல்லத்தின் பெயரையோ சொல்லிக்கொண்டு வருவார்கள். இவள் எரிப்பதற்குக் கேட்டாள். காற்றுப் படாமல் சூடாக்கினால் துணி கரியாகுமாம். அந்தக் கரியைப் பக்குவப்படுத்தினால் கண்ணுக்கே தெரியாத பொடியாகுமாம். அழுக்குத் தண்ணீரில் இருக்கும் சாயத்தை எல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நானோ என்று ஒரு வார்த்தை சொன்னாள். தமிழில் அதற்கு என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொம்ப ரொம்பச் சின்னது என்றாள்.

நாங்கள் அதை மை என்று சொல்வோம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நான் பட்டது போதும். டின் மூடியில் ஆணியால் ஓட்டை போட மறக்காதே, இல்லாவிட்டால் மூடி எகிறிவிடும் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். அவர்களிடம் டின் எல்லாம் இல்லையாம், அதற்கென்றே பெரிய அடுப்பு இருக்கிறதாம். என் பழைய கைத்தறிச் சேலைகளைக் கொடுத்து அனுப்பினேன்.

எண்பதுகளின் நடுவில் நான் கோல சிலாங்கூருக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருந்தேன். அம்மா, தங்கை, நான் என்று மூன்று பெண்கள். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் லோரியில் ஜொகூர் பக்கம் போனவர் போனவர்தான். அங்கே குளுவாங்கில் வேறு ஒரு வீட்டில் இருக்கிறார் என்று கொஞ்ச நாள் கழித்துக் காதில் விழுந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த அன்றைக்கு அம்மா சோறு போட்டாள், எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய பெயர் வாயில் வராது. புருஷன் என்ற சொல்லையே என் முன்னால் யாரும் பேசுவதில்லை. தவிர்க்க முடியாமல் சொல்ல வேண்டி வந்தால் அம்மா "அந்தப் பக்கம்" என்பாள். அந்தப் பக்கத்தில் இருந்து சேதி ஏதும் உண்டா என்று யாராவது கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கோபப்படுவது எனக்குச் சுலபம், அழுவதுதான் வராது.

அம்மாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. தங்கைக்கு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை. நான் டவுனுக்குப் பக்கத்தில் இருந்த சட்டை ஃபேக்டரிக்குப் போய் வந்தேன். காலையில் ஃபேக்டரி பஸ் தோட்டம் தோட்டமாக நுழைந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். அங்கே எனக்குத் துணி வெட்டும் பகுதியில் வேலை. அடுக்கி வைத்த துணியை மெஷின் வெட்டும்போது உள்ளே விழுவது சட்டை, வெளியே விழுவது குப்பை. குப்பைதான் எங்களுக்குச் சம்பந்தப்பட்டது.

எங்கள் லயத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த வட்டாரம் முழுக்கச் சதுப்பு மண். தொட்டியில் வந்து விழும் தண்ணீர் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். நாற்றம் இல்லை, அப்படி ஒன்றும் ருசி கெட்டதும் இல்லை, ஆனால் நிறம் போகாது. வெள்ளைத் துணியைத் துவைக்கத் துவைக்க அது மஞ்சளாகும். டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பிள்ளைகளின் சட்டையைப் பார்த்தே இது எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார்கள். மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துக் குடிப்போம். மழை இல்லாத மாதங்களில் தொட்டித் தண்ணீரில் படிகாரம் போட்டுக் கலக்கிக் காய்ச்சிக் குடிப்போம், வாய் துவர்க்கும். அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்காரும் வரைக்கும்தான் அப்படி.

தங்கைக்குப் பத்தாங் காலியில் இருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரவாங்கில் வேலை பார்க்கும் அமைதியான பையன். தங்கைக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது, அதிலேயே தெரிந்தது. அம்மாவுக்குப் பிடித்தது வேறு. மாப்பிள்ளை வீட்டில் குழாய்த் தண்ணீர். இரவும் பகலும் வருமாம். குழாயைத் திறந்தால் வெள்ளைத் தண்ணீர் கொட்டுமாம். அம்மா இதைக் கேட்டவரிடம் கேட்காதவரிடம் எல்லாம் சொன்னாள். பையனுடைய சம்பளத்தைக்கூட அவ்வளவு தடவை சொல்லவில்லை. ஒரு மகள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் இன்னொரு மகளுக்கு இப்படி ஓர் இடம் அமைந்தது பெரிய விஷயம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது என் காதுபடத்தான் பேசப்பட்டது.

பரிசம் போட வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உயரமானவர், அதிகம் பேசாதவர். நெற்றியில் விபூதி, கையில் ஒரு கறுப்புக் கைப்பை. அவருக்கு ஏற்கெனவே ஒரு மகன் கைவிட்டுப் போயிருந்தான். மூத்தவன். பாசிர் பெனம்பாங்கில் மீன் கொட்டகை ஒன்றில் வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு சீன வீட்டில் பெண்ணெடுத்துக்கொண்டு தங்கிவிட்டான். எங்கள் டவுனில் இருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில் தெரியும் ஊர்தான் அது. மகன் தானாகப் போனான் என்று அந்தம்மா நம்பவில்லை. யாரோ மை வைத்து இழுத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். பத்தாங் காலியில் இருந்து வரும்போது டவுனில் பஸ் மாறி வர வேண்டும். அங்கே நின்ற நேரமெல்லாம் அவர் ஆற்றுப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

மை வைப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. வசிய மை என்று ஒன்று உண்டு, ஆளை இழுக்க. வெற்றிலையில் தடவிப் பார்க்கும் மை ஒன்று உண்டு, காணாமல் போனதைக் கண்டுபிடிக்க. இரண்டையும் பார்த்தவர்கள் யாரும் இல்லை, பயப்படாதவர்களும் இல்லை.

பரிசத்தன்று தங்கை தட்டில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அம்மா படிகாரம் போட்டுத் துணியில் வடிகட்டி என்னென்னவோ செய்திருந்தாள். இருந்தும் கண்ணாடி டம்ளரில் பார்த்தபோது லேசாக மஞ்சள் தட்டியது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தார், குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எல்லாரும் போன பிறகு அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அதற்குள் கண்ணாடி மாதிரி தண்ணீர் அந்தம்மா முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டால் விடமாட்டேன், அது என் குணம்.

பள்ளிக்கூடத்தில் கரி, மணல், கூழாங்கல் வைத்துத் தண்ணீர் வடிகட்டும் படம் ஒன்று வரைந்தது ஞாபகம் இருந்தது. அடுப்புக்கரியை உடைத்துப் போட்டுப் பார்த்தேன். கலங்கல் போனது, நிறம் போகவில்லை. கரி இன்னும் நைசாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மியில் அரைத்தேன். அம்மியும் நானும் கறுத்ததுதான் மிச்சம், பிறகு அரைத்த தேங்காய்ச் சட்னியும் கறுத்தது. அம்மா அன்றைக்குத் திட்டியதை எழுத முடியாது.

துணி வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். ஃபேக்டரியில் பெரிய வெட்டுத்துண்டுகளை ஒர்க்‌ஷாப்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிப் போவார்கள். சின்னத் துண்டுகளை யாரும் சீண்ட மாட்டார்கள், பின்பக்கம் குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். அதில் நான் கொஞ்சம் தலையணைக்கு அடைக்கக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்திருந்தேன். அம்மா அது காலி டின் என்று நினைத்து, விறகு ஈரம் காய அடுப்பின் பின்னால் முட்டுக் கொடுத்துவிட்டாள். ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்திருக்கிறது. காலையில் மூடியை நெம்பித் திறந்தேன். துணி எரியவில்லை. அப்படியே இருந்தது, ஆனால் முழுக்கக் கறுப்பு. கோடு போட்ட சட்டைத் துணியில் கோடுகூடத் தெரிந்தது. நெசவு இழை இழையாகத் தெரிந்தது. விரலால் தொட்டதும் பொடியாகிவிட்டது. அப்படி ஒரு பொடியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முகப்பவுடரைவிட நைசு. கைரேகைக்குள் இறங்கிக்கொண்டு சோப்புக்கும் வரவில்லை. ஒரு கைப்பிடியைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால் கரி அடியில் கிடந்தது, மேலே நின்ற தண்ணீரில் பாதி நிறம் காணாமல் போயிருந்தது.

அன்றிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸின் பின்சீட்டில் தினமும் ஒரு கோணி வெட்டுத்துண்டு என்னோடு வீட்டுக்கு வந்தது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, குப்பைதானே.

எல்லாத் துணியும் கரியாகாது என்பது அடுத்து தெரிந்தது. பாலியஸ்டர் துண்டுகள் உருகி டின்னின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டன, நாற்றம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போனது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்த துணியை ஃபேக்டரியில் டி.சி. என்போம், அது இன்னும் மோசம். பார்க்கப் பருத்தி மாதிரியே இருந்து ஏமாற்றும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பேன். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. நுனியில் குண்டுமணி மாதிரி உருண்டு நின்றால் தூக்கி எறி. கஞ்சியும் மெஷின் எண்ணெயும் போவதற்காகத் துணியை முதலில் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். ஊறவைத்த துணியின் கரி நிறத்தை இன்னும் நன்றாக இழுத்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை, அதில் புகை வருவது நிற்கும் வரை தணல், பிறகு டின் முழுதாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டவுடன் குப்பென்று பிடித்துச் சாம்பலாகிவிடும். என் அவசரத்தால் சாம்பலான டின்கள் உண்டு.

கடைசியில் ஒரு பூந்தொட்டியில் கூழாங்கல், மணல், அதன்மேல் இந்தக் கறுப்புத் துணி அடுக்கு அடுக்காக, மேலே வெள்ளைத் துணி கட்டி, தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். முதலில் வந்தது மசி மாதிரி வந்தது, கொட்டிவிட்டேன். போகப் போகத் தெளிந்தது. ஒரு டம்ளர் பிடித்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். குழாய்த் தண்ணி மாதிரி இருக்குதுடி என்றாள். அவளுடைய வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

அடுப்பில் இருந்து சட்டி இறக்கப் பிடிக்கும் அழுக்குத் துணிக்கு எங்கள் வீட்டில் கரித்துணி என்று பெயர். அம்மா இதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். நானும் யார் கேட்டாலும் கரித்துணி என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒருநாள் சாயங்காலம் வெளியே உட்கார்ந்து டின்னைக் காலி செய்துகொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் கறுப்பு. ஃபேக்டரியில் அன்றைக்குச் சூப்பர்வைசரோடு வாய்ச்சண்டை, முகம் கடுகடுவென்று இருந்திருக்கும். எதிர் வீட்டு அக்கா இடுப்பில் கைப்பிள்ளையோடு வந்து நின்று இது என்ன என்று கேட்டார். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. டி.சி. துணியையும் சாம்பல் தண்ணீரையும் அந்த அழுகைக்கு நடுவே யார் விளக்குவது? மை என்றேன். சொல்லிவிட்டு விளையாட்டாகப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பிள்ளை என் கறுத்த விரலைப் பார்த்துத் திகைத்து அழுகையை நிறுத்திவிட்டது.

அவ்வளவுதான். அவள் மை வைத்தால் அழுகிற பிள்ளை வாயை மூடுகிறது என்று அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டியடியில் பேச்சு.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கோழி காணாமல் போன ஒருத்தி வந்து எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். மேல் லயத்து மாமா ஒருவர் லாட்டரிக்கு நாலு நம்பர் ஏதாவது தெரிகிறதா என்று வந்தார். தெரிந்தால் நானே எடுக்க மாட்டேனா என்றேன். அவர் அதையும் கேட்காமல் பூந்தொட்டிக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்தது என்று சொல்லி ஒரு நம்பர் எடுத்தார். விழவில்லை. சரியான நம்பரை நான் மறைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு பேச்சு திரும்பியது. மை யாருக்காக என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். புருஷன் இல்லாமல் இருக்கிற பெண், தினமும் கோணி கோணியாகச் சட்டைத் துணி கொண்டுவருகிறாள், காலர், கை என்று ஆம்பிளைச் சட்டைத் துண்டுகள், மூடிய டின்னில் வைத்து எரிக்கிறாள். வேறு எதற்கு? ஓடிப்போனவனை இழுக்கத்தான். யோசித்துப் பார்த்தால் அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. தங்கை ஒருநாள் ஆயாக்கொட்டகையில் இருந்து அழுதுகொண்டு வந்தாள். ஒரு தாய் தன் பிள்ளையை இனிமேல் அவள் கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அக்கா, கல்யாணம் முடியும் வரைக்கும் அதை நிறுத்திவிடு என்றாள். நிறுத்தினேன். பூந்தொட்டியை எடுத்துச் சமையலறை மூலையில் வைத்து மூடினேன். ஆனால் பேச்சு அதற்குள் பஸ் ஏறிவிட்டது. பத்தாங் காலிக்கு யார் கொண்டுபோனார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா வருகிறார் என்று சேதி வந்தது. தனியாக வருகிறார் என்றதுமே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணம் பேச வருகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். முறிக்க வருகிறவர்கள்தான் தனியாக வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பாயில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். நாங்கள் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அதற்குள் இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கை அறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். திரையின் அடியில் அவளுடைய பாதம் தெரிந்தது.

"ஒரு புள்ளய மைக்குக் குடுத்துட்டேன் சம்பந்தி," என்றார் அம்மாவிடம். "இன்னொண்ணையும் குடுக்க என்னால ஆவாது."

அவர் கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. களைத்துப்போன குரல். அம்மா அப்படியெல்லாம் இல்லை, தண்ணீருக்காக, பிள்ளை தண்ணீருக்காகத்தான் என்று என்னென்னவோ சொல்லித் தடுமாறினாள். நான் உள்ளே போய்ப் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தேன். டின்னை வைத்தேன், வெட்டுத்துண்டுக் கோணியை வைத்தேன், ஒரு வாளி தொட்டித் தண்ணீரும் வைத்தேன். ஒவ்வொன்றையும் காட்டி விளக்கினேன். நூலை உருவி நெருப்பில் காட்டினேன். வாளித் தண்ணீரை ஊற்றி, அடியில் வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் டம்ளரைப் பார்க்கவே இல்லை. நான் பேசப் பேச என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு.

மை என்று நான்தானே என் வாயால் சொன்னேன் என்று கேட்டார். ஆமாம், சொன்னேன் என்றேன். பிறகு அவர் கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கத்து ஆளை இழுக்கத்தான் நான் இதைச் செய்கிறேன் என்று ஊரே பேசுவதாகச் சொன்னார். அம்மாவின் சொல்லையே அவரும் சொன்னது, அந்தப் பக்கம் என்றது, எனக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷமாக அந்த விஷயத்தில் காட்டாத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"இது மையா இருந்தா மொதல்ல என் புருஷன்தான வந்திருக்கணும் அத்த? ரெண்டு வருஷமாச்சு, வரல."

அந்த வீட்டில் அந்தச் சொல் அன்றைக்குத்தான் வாயை விட்டு வெளியே வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. எனக்கே அது அசிங்கமாக இருந்தது. கோபமாகத்தான் ஆரம்பித்தேன், எங்கே மாறியது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் கையில் இருந்து பார்வையை எடுத்து முகத்தைப் பார்த்தார்.

"நீ கூப்ட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏன்?"

"கூப்ட்டா வரமாட்டாருன்னு தெரிஞ்சிரும் அத்த. இப்ப தெரியாம இருக்குதுல."

அதை நான் அதற்கு முன்னால் எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டது கிடையாது. வெளியே யார் வீட்டு ரேடியோவோ பாடிக்கொண்டிருந்தது. பூந்தொட்டியின் அடியில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது, துடைக்க வேண்டும் என்று தோன்றியும் நான் நகரவில்லை.

"நானும் அந்த ஆத்தத் தாண்டிப் போனதில்ல," என்றார். "பாலம் இருக்கு. பஸ்ஸு போவுது. டவுன்ல நின்னா மீன் கொட்டகக் கூரை தெரியுது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மேசையில் இருந்த டம்ளரை எடுத்தார். போன தடவை மாதிரியே வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தார். குடித்தார். பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள்.

கொஞ்சம் கழித்து, திரைப்பக்கம் திரும்பி, கூறைச் சேலை எடுக்கப் போக வேண்டும், பெண்ணுக்கு அரக்குப் பிடிக்குமா பச்சை பிடிக்குமா என்று கேட்டார். திரைக்கு அடியில் இருந்த பாதம் அசையவில்லை. அரக்கு என்று நான்தான் சொன்னேன். திரைக்குப் பின்னால் தங்கை விசும்புவது கேட்டது. அம்மா எழுந்து தேத்தண்ணி போடப் போனாள். வடிகட்டிய தண்ணீரில் போட வேண்டும் என்று நினைத்துத் திரும்பி வந்து வாளியை எடுத்தாள், பிறகு எது எந்தத் தண்ணீர் என்று குழம்பி நின்றாள். நான் காட்டினேன்.

அந்தம்மா புறப்படும்போது நான் வாசல் வரைக்கும் போனேன். மேசைமேல் வைத்த கைக்குட்டையை அவர் திரும்பக் கையில் எடுத்திருந்தார். படியில் இறங்குவதற்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தார். மோதிரத்தை எடுத்துக் கைப்பைக்குள் பத்திரமாகப் போட்டார். கைக்குட்டை வெறுமையாக உள்ளங்கையில் விரிந்து கிடந்தது. அம்மா பின்னால் அடுப்படியில் இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கறுப்புத் துணியில எனக்கு ஒரு துண்டு குடும்மா," என்றார்.

எதற்கு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"தண்ணிக்குத்தான்," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் வீட்டில் இரவும் பகலும் குழாய்த் தண்ணீர் வருவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். உள்ளே போய் டின்னைத் திறந்து, உடையாமல் இருந்ததில் நல்ல துண்டாக ஒன்று பார்த்து எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கைக்குட்டையில் வைத்தேன். சுத்தப் பருத்தி. கோடுகூடத் தெரிந்தது. பொடியாகிவிடாமல் மெதுவாக மடித்துக்கொள்ளச் சொன்னேன்.